ஆறும் ஆறட்டும்

ஜூலை மாதம். விஸ்கான்சினின் வடகோடி.
கொசுக்கள் ஏரியை விட்டு எழுந்து வருமுன்
ஆர்லீஸ் கொட்டகையைத் திறக்கிறாள்.

போன வருஷத்துப் பந்தங்கள், ஏழு மூங்கில்.
ஒன்றின் கழுத்தில் விரிசல்.
நகத்தை வைத்துப் பார்க்கிறாள், நகம் உள்ளே போகிறது.
முழங்காலில் வைத்து முறித்து
தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்கிறாள்.
மீதி ஆறு.

மீன் செதுக்கும் கத்தரியால்
கருகிய திரிகளின் தலையைக் கிள்ளுகிறாள்.
அரை விரற்கடை நீண்டால் சுடர்,
அதற்கு மேல் நீண்டால் புகை.

மண் இறுகிய இடமாகப் பார்த்து
ஆழ ஊன்றி, ஆட்டிப் பார்த்து,
ஆடினதைப் பிடுங்கி மறுபடி ஊன்றுகிறாள்.
பைன் மரத்துக்கு எட்டு எட்டு தள்ளி,
கூரை விளிம்புக்கு இன்னும் தள்ளி.
நடுவில் ஒரு வாளித் தண்ணீர்;
அதில் அதற்குள் ஒரு தவளை.

எண்ணெய் டப்பா மட்டும் மேல் தட்டில், பூட்டுக்குள்.
அதற்கு ஆப்பிள் சாற்றின் நிறம்.
டெல்மரின் பேத்திக்கு மூன்று வயசு.
எதையும் குடித்துப் பார்த்துத்தான் நம்புகிறவள்.

ஒன்பதரைக்கு
ஏரிப் பக்கத்துப் பந்தம் சுருங்கியது.
டெல்மர், அவள் கணவனின் தம்பி,
டப்பாவோடு வந்து நின்றான்.
சாவி எப்படிக் கிடைத்தது என்பதை
அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.
"அணைஞ்சிடும் போல. கொஞ்சம் ஊத்திடறேன்."

எரிகிற நெருப்பில் எண்ணெய் என்பது
நம் பேச்சில் வெறும் உவமை.
இங்கே அது
மூடி திருகிய டப்பாவும்
பீர் குடித்த கையும்.

"கீழே வை."
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.
ஊதவில்லை. சுடர்மேல் மூடியைக் கவிழ்த்தாள்.
பந்தம் அமர்ந்தது. அந்த மூலை இருட்டானது.
"தகரம் ஆறட்டும்."
"எவ்வளவு நேரம்?"
"இருபது நிமிஷம்."

டெல்மருக்கு இருபது நிமிஷம் நீளம்.
ஒரு கொசுவை அடித்தான். இன்னொன்றை அடித்தான்.
லூன் பறவை ஒன்று தண்ணீர் நடுவில் நின்று
பைத்தியம் போலச் சிரித்தது.
பிறகு, பறவையிடம் சொல்வது போல்:

"மில்லுல என் ஷிப்டையே எடுத்துட்டாங்க.
மார்ச்சுல."

காகித மில்.
இப்போதும் விடிந்தால்
சோற்று டப்பாவோடு டிரக்கில் கிளம்புகிறானாம்.
படகு இறக்கும் சரிவில் நிறுத்தி
மூன்றரை மணி ஆகக் காத்திருக்கிறானாம்.
சோற்றை மட்டும் வேளைக்குச் சாப்பிட்டுவிடுகிறானாம்.

முப்பதடி தள்ளி, மற்ற ஐந்தின் வெளிச்சத்தில்
அவன் மனைவி வெர்லா
யாரோ சொன்ன எதற்கோ
மேஜையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆர்லீஸ் தகரத்தைத் தொட்டாள்.
குளத்துக் கல் மாதிரி ஆறிக் கிடந்தது.
"இன்னும் சுடுது," என்றாள்.

அவனும் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தான்.
"ஆமா," என்றான்.

இன்னும் பத்து நிமிஷம் போனது.
அதில் பேசியது கொஞ்சம்.
வண்டிக் கடன். ஒரு வரி.
அவனுக்கு வருகிற முதுகுவலி.
ஒருவேளை அது முதுகுவலி இல்லை என்பது.

"அங்கே என்ன ரெண்டு பேரும்?" வெர்லாவின் குரல்.
"எண்ணெய் ஊத்தறோம்," என்றாள் ஆர்லீஸ்.

அப்புறம்தான் ஊற்றினாள்.
விளிம்புக்கு இரண்டு விரல் குறைவாக.
வழிந்ததைத் துடைத்து
துணியை மூடியுள்ள தகரத்தில் போட்டாள்.
டப்பாவைத் தூரமாய்க் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து
நீளக் கொளுத்தியை நீட்டினாள்.
திரி இரண்டு முறை முரண்டு செய்து பிடித்தது.
வெளிச்சம் வந்ததும் டெல்மர்
ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.
திரும்பிக்கொண்டே சாவியை நீட்டினான்.

நள்ளிரவு. கார்கள் போய்விட்டன.
ஆர்லீஸ் ஒவ்வொரு சுடராய் மூடி வருகிறாள்.
ஜன்னலில் கணவன்:
"வா, படுக்கலாம். காலைல எடுத்து வைக்கலாம்."
"ஆறும் ஆறட்டும்," என்கிறாள்.

புல்லில் உட்கார்கிறாள்.
மார்ச், ஏப்ரல், மே, ஜூன்.
விரல் விட்டு எண்ணுகிறாள்.
வாளியில் தவளை இன்னும் இருக்கிறது.